தப்பான விடைகளை வாசித்தவர்

மும்தாஜ் டீச்சர் இறந்த செய்தியை எங்கள் பழைய மாணவி கிரண்தான் எனக்குச் சொன்னாள். காலையில் பள்ளி வேன் வருவதற்குள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். "நம்ம மும்தாஜ் மிஸ் போயிட்டாக மிஸ்" என்று போனில் அழுதாள். மஞ்சள் காமாலை முற்றி, பத்து நாளாக மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தவர். நானும் அழுதிருக்க வேண்டும். ஆனால் நான் முதலில் கேட்டது, "உனக்கு யார் சொன்னா?" என்பதுதான். டீச்சரின் கணவரே கூப்பிட்டுச் சொன்னாராம். எட்டு வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூமில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கு முன்னால் ஒரு மாணவிக்குச் சொல்லியிருக்கிறார்கள். சுருக்கென்றது.

அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்து எழுதினால் இந்த அஞ்சலியே பொய்யாகிவிடும். எனக்கு அவர்மேல் பொறாமை. அவர் இருந்த நாளெல்லாம் இருந்தது.

எங்கள் பள்ளியின் பெயர்ப்பலகையில் 'இன்டர்நேஷனல்' என்று சேர்த்த வருஷம்தான் அவர் அறிவியல் ஆசிரியராக வந்தார். சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர்களின் பிள்ளைகள், கெமிக்கல் வியாபாரத்துக்கு வந்து தங்கிவிட்ட குஜராத்திக் குடும்பத்துப் பிள்ளைகள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் எல்லாம் ஒரே வகுப்பில் இருந்தார்கள். கேள்வித்தாள் மட்டும் எல்லோருக்கும் ஆங்கிலத்தில். ஆங்கிலத் துறைக்குத் தலைமை நான். தேர்வுப் பொறுப்பும் என்னிடமே இருந்தது.

அந்த ஆண்டுத் தேர்வு முடிந்ததும், அறிவியலில் தேறாத பதினோரு பேரை ஆறாம் வகுப்பிலேயே நிறுத்திவைக்கப் பட்டியல் போட்டேன். கிரண் அதில் முதல் பெயர். அவள் அப்பா பீகாரிலிருந்து ஆஃப்செட் மெஷின் பழுதுபார்க்க வந்தவர். மும்தாஜ் பட்டியலை வாங்கிப் பார்த்தார். பதினோரு பேரின் விடைத்தாள்களையும் ஸ்டாஃப் ரூம் தரையில் பரப்பி, முழங்கால் போட்டு உட்கார்ந்து, யார் எந்தக் கேள்வியில் தவறினார்கள் என்று கட்டம்போட்ட நோட்டில் குறித்துக்கொண்டே போனார். இரண்டு நாள் கழித்து நோட்டை என் முன்னால் வைத்தார்.

"மொத்த மார்க்கைப் பாக்காதீகக்கா. எங்கன தப்புப் போட்டிருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். படம் வரைந்து குறிக்கும் கேள்விகளில் எல்லோரும் சரி. 'எக்ஸெப்ட்' என்ற சொல் வந்த கேள்விகளில் மட்டும் பதினோரு பேரில் ஒன்பது பேர் தவறு. 'தவிர' என்று அதற்குப் பொருள் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

"இந்தப் பிள்ளைகளுக்கு சயின்ஸ் தெரியாம இல்லக்கா. அந்த ஒத்த வார்த்தைதான் தெரியல."

அவர் குத்திக்காட்டவில்லை. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லித்தந்திருக்க வேண்டியவள் நான். முகம் எரிந்தது. "அப்படின்னா நீங்களே கேட்டுப் பாருங்க" என்றேன். கிரணைக் கூப்பிட்டார். செம்பு, இரும்பு, ரப்பர், அலுமினியம், இதில் ஒன்றைத் தவிர மற்றவற்றில் மின்சாரம் பாயும், அது எது என்பது கேள்வி. விடைத்தாளில் செம்பைக் குறித்திருந்தாள். மும்தாஜ் அதையே தமிழும் உடைந்த ஹிந்தியுமாகக் கேட்டார்.

"ரப்பர்ல கரண்ட் போகாது மிஸ். எங்க பாபா ரப்பர் கிளவுஸ் போட்டுத்தான் மெஷின் வயரைத் தொடுவாக" என்றாள், இதைப் போய்க் கேட்கிறார்களே என்பது போல.

அந்தப் பதினோரு பேருக்கும் வாய்மொழியாகத் தேர்வு வைத்தோம். எட்டுப் பேர் ஏழாம் வகுப்புக்குப் போனார்கள். மும்தாஜ் ஒவ்வொரு தேர்வுக்கும் கட்டம் போடத் தொடங்கினார். எந்த மொழி பேசும் பிள்ளை எந்தச் சொல்லில் தடுக்குகிறது என்று தனித்தனியாகக் குறித்தார். என் கண் முன்னால் கிடந்த தாள்கள்தான். பதினெட்டு வருஷம் திருத்தியும் எனக்குத் தோன்றாதது, வந்த முதல் வருஷமே அவருக்கு எப்படித் தோன்றியது?

அடுத்த வருஷம் மதுரையில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் இந்த முறையைப் பற்றிப் பேச எங்கள் பள்ளிக்கு அழைப்பு வந்தது. மும்தாஜின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. நான் போனேன். அவருடைய அட்டவணைகளை வைத்துப் பேசினேன். "நாங்கள் கண்டறிந்தோம்" என்று தொடங்கியது, முடிக்கும்போது "நான் கண்டறிந்தேன்" என்று ஆகியிருந்தது. நீளமான கைதட்டல். தாளாளர் மகிழ்ந்துபோய், அந்த வருஷப் பள்ளி டைரியில் அட்டவணைகளை என் பெயரோடு அச்சிட்டார்.

டைரி வந்த அன்று மும்தாஜ் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்து புரட்டினார். அந்தப் பக்கத்தில் நிறுத்தி வெகுநேரம் படித்தார். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கும் பதில் இருந்தது.

"நல்லா வந்திருக்குக்கா. மூணாவது அட்டவணைல ரெண்டு கட்டம் மாறிப்போச்சு. அதைப் பாத்து யாராச்சும் தப்பா முடிவெடுத்தா பிள்ளைகதான பாதிக்கும்? திருத்தச் சொல்லுங்க."

அவ்வளவுதான். அடுத்த வருஷ டைரியில் கட்டங்களைத் திருத்தினேன். பெயரைத் திருத்தவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் ஒருவேளை திருத்தியிருப்பேன். அந்தப் பெருந்தன்மையும் அவருக்கே வாய்த்திருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் வெந்தேன்.

அடக்கத்தன்று அவர் வீட்டுத் தெருவில் நுழைய இடமில்லை. பட்டாசுக் கம்பெனி வேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்த தாய்மார்கள், கல்லூரியிலிருந்து கிரண், எனக்குப் பெயர் மறந்துபோன எத்தனையோ பிள்ளைகள். நான் போனால் இதில் பாதிக் கூட்டம் வருமா என்று அங்கே நின்று எண்ணினேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

உங்களிடம் அந்தப் பழைய டைரி இருந்தால், அட்டவணைப் பக்கத்தில் என் பெயரை அடித்துவிட்டு மும்தாஜ் பேகம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர் கேட்காதது, நான் செய்யத் தவறியது.

மார்க்கைக் கூட்டுமுன் தப்பான விடைகளை வாசிக்கும் பழக்கம் மட்டும் அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருக்கிறது. போன வாரம் ஏழாம் வகுப்புத் தாள்களைத் திருத்தினேன். தெலுங்கு பேசும் நான்கு பிள்ளைகள் 'ஹார்ட்லி' என்ற சொல்லில் தடுக்கியிருந்தார்கள். அதை 'ஹார்ட்' என்றே எடுத்துக்கொண்டு, அரிதாக நடப்பதைக் கடினமாக நடப்பது என்று எழுதியிருந்தார்கள். ஸ்டாஃப் ரூம் அலமாரியில் இருந்த மும்தாஜின் நோட்டுகளை எடுத்துத் தேடினேன். எதிலும் அந்தச் சொல் இல்லை. அவர் பார்க்காததை நான் பார்த்திருந்தேன். "பாத்தீங்களா!" என்று பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன், காட்டுவதற்கு அங்கே அவர் இல்லை.