ஆத்தாவுக்குப் பச்சைப் பேனா

என் மகளும் அவளோடு வாடகை வீட்டில் தங்கியிருக்கும் தோழிகளும் செலவுக் கணக்கைக் கைப்பேசிச் செயலியில் போடுகிறார்கள். முட்டை வாங்கியது யார், தண்ணீர் பில் கட்டியது யார், யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடுகிறது. "ஒங்க காலத்துல இதெல்லாம் ஏதும்மா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஏன் இல்லை? எங்களுடையது சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது.

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தின் ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாக இருந்தோம். நானும் என் கணவரும், அவருடைய அண்ணனும் அண்ணன் மனைவியும். அண்ணன் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அடுப்பு ஒன்று, சம்பளம் நான்கு. லயத்தை உடைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. டவுனுக்கு வெளியே மலிவு விலை வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. நால்வரும் சேர்ந்து முன்பணம் சேர்ப்பது, மூத்தவர் என்பதால் வீடு அண்ணன் பெயரில் என்று முடிவாயிற்று. நானும் தலையாட்டினேன். ஆனால் எனக்கென்று ஒரு கதவு, அதற்கு ஒரு சாவி என்ற ஆசை மட்டும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

சீனர் மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரில் தேதிக் கட்டங்கள் பெரிதாக இருக்கும். அன்றன்றைய செலவை அந்தந்தக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று நான்தான் சட்டம் போட்டேன். அண்ணனுக்குக் கறுப்புப் பேனா, என்னவருக்கு நீலம், பெண்கள் எங்களுக்குப் பென்சில், பொதுச் செலவுக்குச் சிவப்பு. "டேய், ஒன் பொண்டாட்டி ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணியா இருக்க வேண்டிய ஆளுலா" என்று அண்ணன் தம்பியிடம் கிண்டலடிப்பார். கிண்டலடித்தாலும் எழுதிவிடுவார். மாதக் கடைசியில் சிவப்பைக் கூட்டி நாலாகப் பிரிப்போம். மிஞ்சியது முன்பணத்துக்காக மைலோ டின்னுக்குள் போகும்.

பணம் எங்கே போனது என்று காலண்டர் காட்டுமே தவிர, போகாமல் தடுக்காது. சுங்கை பெசாரில் ஒரு கல்யாணம். அண்ணன் டின்னைத் திறந்து எடுத்துக்கொண்டு போய் மொய் எழுதிவிட்டு, வந்ததும் வராததுமாகக் கட்டத்தில் 'மொய்' என்று முத்து முத்தாக எழுதினார். கேட்டதற்கு, "அதான் எழுதிட்டேனே!" என்றார். இவ்வளவு நேர்மையான மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

மறுநாளே டின்னில் இருந்ததை மஞ்சள் துணியில் முடிந்து, மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்தேன். அவ்வளவுதான். அதன்பிறகு மாதா மாதம் உள்ளே போட மட்டுமே அதை அவிழ்த்தோம். எடுக்க ஒருவருக்கும் கை நீளவில்லை. நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

முன்பணம் கட்டச் சொல்லி வீடு கட்டுகிறவர்களின் ஆள் வந்தார். அந்த வாரத்துக்குள் கட்டாவிட்டால் வீடு வேறு ஆளுக்கு. நான் முடிச்சில் கை வைத்தேன். அக்கா என் கையைப் பிடித்துவிட்டார்.

"மஞ்சத் துணியில முடிஞ்சா அது ஆத்தா காசு. அத எடுத்து வூடு வாங்குனா வெளங்குமா?"

"நான் நேந்துக்கவே இல்லக்கா! ஒங்க வீட்டுக்காரரு எடுத்துறக் கூடாதுன்னுதான் முடிஞ்சேன்."

"நீ எதுக்கு முடிஞ்சியோ, ஆத்தாவுக்குத் தெரியுமா?"

வம்பு பேசும் ஆண்கள் இருவரும் அம்மன் என்றதும் பூனையாகிவிட்டார்கள். வீடு இல்லாமல் நடுத்தெருவில் நிற்போமோ என்ற பயம் எனக்கு. நான் கட்டிய முடிச்சில் நானே மாட்டிக்கொண்டேனே என்று அழுகையாக வந்தது. அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசாமல் பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டினேன்.

வாரம் முடியப் போகும் நேரம், விடிந்ததும் அக்கா தலைக்குக் குளித்துவிட்டு வந்து எல்லாரையும் கூப்பிட்டார். "எடுத்தாத்தானே தப்பு? கடனா கேப்போம்" என்றார். சூடம் ஏற்றிப் படத்தைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டார். "வட்டி எவ்ளோன்னு கேட்டியா?" என்றார் அண்ணன். "மாசம் ஒரு தேங்கா" என்றார் அக்கா, சிரிக்காமல். நான் கடைக்கு ஓடிப்போய் ஒரு பச்சைப் பேனா வாங்கி வந்தேன். காலண்டரில் அன்றைய கட்டத்தில் 'ஆத்தாவிடம் கடன்' என்று பச்சையில் எழுதி, அண்ணன் கையெழுத்துப் போட்டார். மத்தியானமே முன்பணம் கட்டியாயிற்று.

புது வீட்டுக்குப் போனோம். காலண்டரும் மஞ்சள் துணியும் கூடவே வந்தன. மாதா மாதம் வீட்டுத் தவணைக்கு அடுத்தபடி ஆத்தாவின் தவணை. மொய், சீக்கு, மழைக்கால வேலைக்குறைவு என்று எது வந்தாலும் அக்கா விடமாட்டார். நால்வருடைய செலவிலும் வெட்டிப் பச்சையில் எழுதவைப்பார். இந்தம்மா வட்டிக்கு விடும் செட்டியாரை விட மோசம் என்று நான் முணுமுணுத்திருக்கிறேன். வீடு நன்றாகத்தான் இருந்தது. சாவி மட்டும் அக்காவின் இடுப்பில் தொங்கியது.

ஆத்தாவின் கடைசித் தவணை கட்டிய வெள்ளிக்கிழமை, அக்கா துணியை அவிழ்த்து எண்ணினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடன் அடைந்திருந்தது, ஆனால் பணம் எங்கும் போகவில்லை. ஒரு வீட்டு முன்பணம் முழுசாக அங்கேயே இருந்தது.

"பின் வரிசையில வூடு கட்டுறாங்க, பாத்தியா?" என்றார் அக்கா. பார்த்திருந்தேன். தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பார்ப்பேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது.

அவரே சூடம் ஏற்றினார். அவரே கேட்டார். பிறகு பச்சைப் பேனாவை என் கையில் வைத்தார்.

"இந்த வாட்டி கடன் வாங்குறது நீ. ஒன் பேர எழுது."