சுண்ணாம்பில் உப்பு

வெள்ளத்தாய் எதைச் செய்தாலும் உறுதியாகச் செய்வாள். முந்தானையைச் செருகினால் சாயங்காலம்வரை அவிழாது. ஒருத்தியோடு பேச்சை நிறுத்தினால் அடுத்த பொங்கல்வரை பேச்சில்லை. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் ஊரிலிருந்து, கலியாணமான வருஷமே மூணாறு மலைக்குக் கொழுந்து பறிக்க வந்தவள். தொழிலாளர் வரிசை வீடான பழைய லயத்தின் ஒற்றை அறையில்தான் பிள்ளைகளைப் பெற்றாள். மூத்தவனுக்குக் கலியாணமானதும் அதே அறையில் குறுக்கே ஒரு சேலையைக் கட்டினாள். அந்தப் பக்கம் மகனும் மருமகள் பாகீரதியும். இந்தப் பக்கம் மற்றவர்கள். வெள்ளத்தாயின் புருஷன் சங்கையாவுக்கு விடியற்காலையில் இருமல் வரும். சேலைக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர்களை நினைத்து, வெளியே பனியில் போய் இருமிவிட்டு வருவார்.

பாகீரதி மாசமானபோதுதான் புது லயம் வரப்போவதாகப் பேச்சு எழுந்தது. எழுபத்தைந்தாம் வருஷத்தின் நடுப்பகுதி அது. எஸ்டேட் இரண்டு வரிசை வீடு கட்டக் கேட்ட இடம், வரையாடுகள் இறங்கிவரும் பாறையின் அடிவாரம். வனத்துறை ரேஞ்சர் வெங்கிடேஸ்வரன் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். முதலில் முடியாது என்றார். பிறகு எஸ்டேட் மேனேஜர் தொரையும் அவரும் அட்டைக் கடியோடு மலையைச் சுற்றி வந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆட்டுத் தடத்தை விட்டுவிட்டுக் கீழே ஒரு வரிசை கட்டலாம். ஆடுகள் வீட்டுப் பக்கம் வராமல் வழக்கம்போலப் பாறையில் குட்டி போட்டால் மற்ற வரிசைக்கும் அனுமதி. வீட்டுக்குப் பழகிய ஆடு வேட்டைக்காரனுக்குச் சுலபம் என்பது ரேஞ்சரின் கவலை.

வெள்ளத்தாய்க்கு ஒதுக்கிய வீடு அந்த இரண்டாவது வரிசையில் வரவேண்டியது.

முதல் வரிசை எழுந்தது. பொங்கலுக்கு முன்னால் ரேஞ்சர் பார்க்க வருகிறார் என்றதும், சுவர் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று கங்காணி மரியஜோசப் சொன்னார். வெள்ளையடிக்கும் பொறுப்பை வெள்ளத்தாய் கேட்டு வாங்கிக்கொண்டாள். சுண்ணாம்பு உதிராமல் இருக்க உப்புப் போடுவது அவள் ஊர் வழக்கம். இங்கே பனியும் சாரலும் அதிகம் என்று இன்னும் இரண்டு கை தாராளமாகவே போட்டாள்.

ரேஞ்சர் வந்த காலையில் பாறைமேல் ஒரு ஆடுகூட இல்லை. எல்லாம் புதுச் சுவரை நக்கிக்கொண்டிருந்தன.

"ஏட்டி, சொவத்துல என்ன எழுதிப் போட்டிருக்க? இம்புட்டு அக்கறையா வாசிக்குதுக" என்றார் சங்கையா.

ரேஞ்சருக்குச் சிரிப்பு வரவில்லை. "எந்தா மரியஜோசப், ஆடு குடித்தனம் வந்துடுத்து போலிருக்கே. வீடு ஆருக்காக்கும் கட்டினது?"

வெள்ளத்தாய் முன்னால் வந்தாள். "அதுக மேல தப்பில்லைங்கய்யா. நாந்தான் சுண்ணாம்புல உப்புப் போட்டேன்."

"உப்பா? எதுக்கு?"

"போடாட்டா நிக்குமா? ஒங்க ஊர்ல என்னத்தப் போடுதாக?"

ரேஞ்சர் சுவரை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார். "சித்தே கூடிப்போச்சு" என்றார், குழம்பைப் பற்றிச் சொல்வதுபோல. பிறகு குரலை இறக்கினார். "இதை மொத்தமும் சுரண்டிக் களையணும், அம்மா. ஆடு மேலே போய்க் குட்டி போட்டா அடுத்த வரிசை. போகல்லேன்னா என்னைக் குத்தம் சொல்லப்படாது."

பொங்கலன்றும் வெள்ளத்தாய் சுவர்தான் சுரண்டினாள். பக்கத்து வீட்டுக்காரிகள் கூட வந்து சுரண்டினார்கள், வாயையும் கொண்டுவந்தார்கள். "மதினி, உப்பு வச்சது சரி, தொட்டுக்க ஊறுகாய் வைக்காம விட்டுட்டீகளே." சுரண்டிய தூளை மூட்டை கட்டிக் கீழே ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, இந்தத் தடவை கஞ்சித் தண்ணீர் கலந்து அடித்தார்கள்.

ஆடுகள் சில நாள் வந்து நக்கிப் பார்த்தன. முதுகு வெளுத்த பெரிய கிடா ஒன்று மட்டும் நம்பிக்கையை விடவில்லை. கடையில் சரக்கு தீர்ந்துவிட்டதென்று சொன்னாலும் போகாமல் நிற்கும் ஆளைப்போல நின்றது. ஒருநாள் அதுவும் போய்விட்டது.

அதற்குப்பிறகு இருமல் வந்து எழுந்து போகும்போதெல்லாம் சங்கையா பாறையைப் பார்த்துவிட்டு வந்தார். வெளிச்சம் வந்தும் அவர் உள்ளே வராவிட்டால், பாறையில் ஆடு இருக்கிறதென்று வெள்ளத்தாய் தெரிந்துகொள்வாள். ஒருநாள் சேலைக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி சொன்னார்: "குட்டி போட்டுருச்சு, ஏட்டி. கல்லு மேல துள்ளுது."

பங்குனியில் அனுமதி வந்தது. பாகீரதி அதுவரை காத்திருக்கவில்லை. சேலைக்கு அந்தப் பக்கமே ஒரு பெண்ணைப் பெற்றாள். ஆனால் இரண்டாவது வரிசையும் எழுந்து, மழைக்கு முன்னால் குடிபோய், பேர் வைத்தது புது வீட்டில்.

அன்றைக்கு ரேஞ்சரும் எட்டிப் பார்த்தார். பாலில்லாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டு சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் எழுந்து போகும்போது காக்கிச் சட்டையின் முதுகு முழுக்க வெள்ளை.

"சொல்லிருவமா?" என்றார் சங்கையா.

"பேசாம இரும்" என்றாள் வெள்ளத்தாய். "உப்பு வேண்டாம்னது அவருதான?"