அப்பாவுக்கு ஒரு திதி

இன்று உடுப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ்ஸில் ஒருவர் என் தோளைத் தட்டினார்.

"பிள்ளை, வயசுபோன ஆக்களுக்கு இடம் விடவேணும்."

எழும்பி விட்டேன். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். கொரோனாக் காலத்தில் அப்பாவை ஏற்றிக்கொண்டுபோய் அடைத்து வைத்திருந்த தனிமைப்படுத்தல் நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி. இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்.

அப்பாவை எரித்த பிறகுதான் எங்களுக்குப் போன் வந்தது. எந்த நாள் இறந்தார் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. இங்கே சுகாதாரக் கந்தோரில் கேட்டால் கொழும்பைக் கேட்கச் சொல்கிறார்கள். கொழும்பில் போனை எடுப்பதே இல்லை. திதி தெரியாமல் திவசம் எப்படிச் செய்வது என்று ஐயர் வருசா வருசம் கேட்கிறார்.

இந்த அதிகாரியையே கேட்டேன்.

"ஐயா, எங்கடை அப்பா எண்டைக்குச் செத்தவர்?"

"உதெல்லாம் ஆர் பிள்ளை ஞாபகம் வைச்சிருக்கினம்? மேலிடத்து உத்தரவு, நாங்கள் செய்தம். எல்லாம் வயசுபோன சனம்தானே. உங்களுக்கு வசதியான ஒரு நாளிலை செய்யுங்கோவன்."

"ஓம் ஐயா. நீங்கள் எண்டைக்குப் பிறந்தனியள்?"

நான் கதையை மாற்றிவிட்டேன் என்று அவருக்குச் சந்தோசம்.

"தைப் பூரணையிலை பிள்ளை. நல்ல நாள்."

எனக்கும் அந்த நாள் வசதிதான். இனி ஒவ்வொரு தைப் பூரணைக்கும் அப்பாவின் திவசம். படைத்த சோறு முதலில் அந்த அதிகாரி வீட்டுக்குத்தான் போகும்.

வாழைக்காய்க் கறி சாப்பிடுவாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.