தார்ச்சாலைக்கு அடியில் சுடுதண்ணீர்

நெய்வேலியில் கான்ட்ராக்ட் இன்ஜினியராகச் சேர்ந்த முதல் கோடையில், கேன்டீன் எதிரே நடந்தபோது என் செருப்பு தாரில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனால், பின்பக்கம் பாத்திரம் கழுவும் அக்கா, மரத்தடித் தொட்டியின் குளிர்ந்த தண்ணீரில் குழம்பு அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. சுடுதண்ணீர் கேட்டால் கேஸ் வீணாகும் என்பார்களாம்.

சாலைக்கு அடியில் குழாயை வளைத்து வளைத்துப் பதித்தால், வெயில் சூடே தண்ணீரைக் காய்ச்சிவிடும். இதைச் சொன்னதும் என் மேலதிகாரி சிரித்தார்.

"கரண்ட் எடுக்கிற ஊர்ல, ரோட்டுலேர்ந்து சூடு எடுக்கப் போறீங்களா மேடம்?"

ஆனால் அந்தச் சாலையைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. வெளியூரிலிருந்து ஒரு குழு பார்வையிட வரவும் இருந்தது. அவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டும். அனுமதி கிடைத்தது.

மந்தாரக்குப்பத்திலிருந்து வரும் ஃபிட்டர் அண்ணனும் நானும் வேலையைத் தொடங்கினோம். கொதிக்கும் தாரில் பிளாஸ்டிக் குழாய் உருகிவிடும் என்று இரும்புக் குழாயாக வாங்கினோம். ரோடு ரோலர் நசுக்காமல் இருக்க மேலே கான்கிரீட் போட்டு, அதன்மேல் தார் போடவைத்தோம். மாதக்கணக்கில் அலைந்து முடித்தேன்.

முதல் நாள் மதியம் குழாயைத் திறந்த அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"யம்மா! நெசமாவே ரோட்டுத் தண்ணியாங்க இது? இனிமே நான் அண்டாவைத் தேய்ச்சிகினே நிக்க வேணாம்."

அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். குழு வந்தது, தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தது, படம் எடுத்துக்கொண்டு போனது.

அடுத்த வாரமே கேன்டீன் எதிரே ஜேசிபி நின்றது. வேறொரு பிரிவு கேபிள் போடுகிறதாம். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் சாலை குறுக்கே பிளந்து கிடந்தது. பிளந்த இடத்தில் என் குழாய்கள் வளைந்து நீட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் ஆவி பறக்க மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

"கோடு போட்டுக் குடுத்தாங்க, தோண்டுறேன். அடியில குழா கீதுன்னு யாரும் சொல்லலியே," என்றார் ஓட்டுநர். அவரைத் திட்டி என்ன பயன்?

மேலதிகாரியிடம் போனேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அதான் வந்தவங்க பாத்துட்டாங்களே மேடம். போட்டோவும் இருக்கு. இனி எதுக்குங்க அது?"

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா தினமும் பாத்திரம் கழுவுறாங்க சார்," என்றேன். அவர் போனை எடுத்துப் பேசத் தொடங்கினார்.

பள்ளத்தை மூடுவதற்கு முன்பு ஃபிட்டர் அண்ணனும் நானும் இறங்கினோம். கேன்டீன் பக்கம் உடையாமல் இருந்த வளைவுகளை மட்டும் ஒன்றாக இணைத்தோம். பாதிக்கும் குறைவான குழாய்தான் மிஞ்சியது. இப்போது நல்ல வெயில் நாளில் தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது. பிசுக்கு போகுமளவுக்குச் சூடில்லை.

"மொதல்ல மாதிரி எப்ப வரும் மேடம்?" என்று அக்கா பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். மறுபடி தோண்ட அனுமதி கேட்டிருக்கிறேன் என்கிறேன். இரண்டு முறை கேட்டாயிற்று. புதிதாகப் போட்ட சாலையைத் தோண்டக் கூடாது என்று பதில் வந்திருக்கிறது.