நான்காவது படகிலிருந்து ஒரு தாவல்

"…அப்ப எங்க கூடவே கடலுக்கு வந்துடு நைனா! பத்து நாளு மீன் கொழம்பு, ஃப்ரீயா!" என்று சிரித்தார் படகின் சமையல்காரர். நானோ படகின் விளிம்பைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன், மீன்பிடித் தடைக்காலம் முடிந்த மறுநாள் மதியம், சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நடந்தது இது. நான் படகுகளில் வயர்லெஸ் செட் பழுதுபார்ப்பவன். அங்கே படகுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியிருப்பார்கள். நான்காவது படகுக்குப் போக மூன்றைத் தாண்ட வேண்டும். எனக்குத் தாண்டுவதென்றாலே நடுக்கம். செட்டைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவரச் சொல்லியே எட்டு வருடம் சமாளித்துவிட்டேன். அன்று கோளாறு நான்காவது படகின் கம்பத்தில் கட்டிய ஏரியல் வயரில். போகாமல் முடியாது.

காலையில் போகும்போதே தப்புச் செய்தேன். குதிக்கப் பயந்து, இந்தப் படகில் ஒரு கால், அந்தப் படகில் ஒரு கால் வைத்தேன். அலை வந்தது. படகுகள் விலக, என் கால்களும் விலகின. கீழே கறுப்புத் தண்ணீர். சமையல்காரர்தான் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்.

இப்போது வேலை முடிந்துவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, கயிற்றை அவிழ்க்கிறார்கள். திரும்பிக் குதிக்கக் கால் வரவில்லை. பக்கவாட்டில் தொங்கிய டயர்கள் நசுங்கி நசுங்கிக் கிறீச்சிட்டன. அந்த இடத்தில் என் இடுப்பு இருந்தால்?

என் முகத்தைப் பார்த்துச் சமையல்காரர் சிரிப்பை நிறுத்தினார்.

"நைனா, காலையில நீ எங்க குதிச்ச? நடந்துகினு போவப் பாத்த. அதான் பேஜாராச்சு. கீழ இன்னாத்துக்குப் பாக்குற? அந்த போட்டைப் பாரு. எறங்குது… தோ, ஏறுது. நம்ம மட்டத்துக்கு வந்ததும் ரெண்டு காலையும் எடுத்துடு."

யோசித்தால் உண்மைதான். நிற்கிற படகை விட மனசு வராததுதான் இத்தனை நாளும் என் பயமாக இருந்திருக்கிறது.

இரண்டு முறை அது ஏறி வந்தது. இரண்டு முறையும் விட்டேன்.

"யோவ், பொயுது சாஞ்சிரும்யா!" என்று படகு டிரைவர் கத்தினார்.

மூன்றாவது முறை குதித்தேன். வலைக்குவியல் மேல் முட்டி தேய விழுந்தேன். அந்த எரிச்சல்கூட சுகமாக இருந்தது.

எழுந்து பார்த்தால், என் டூல்ஸ் பை அங்கேயே கிடக்கிறது. சமையல்காரர் அதை எடுத்துக்கொண்டு தாண்டி வந்து என் கையில் கொடுத்தார். அதற்குள் அவர் படகு நகர ஆரம்பித்துவிட்டது. எனக்கிருந்ததைவிடப் பெரிய இடைவெளி.

இன்றும் ஒவ்வொரு படகிலும் பயம் வரத்தான் செய்கிறது. ஆனால் அது போகட்டும் என்று நான் காத்திருப்பதில்லை. ஏனென்றால், வாழ்நாளெல்லாம் தாண்டிப் பழகிய அந்த மனிதர் அன்று கழுத்துச் சிலுவையை எடுத்து முத்தமிட்டு, கண்ணை ஒரு கணம் இறுக்கி மூடித் திறந்து, அதன் பிறகுதான் தன் படகுக்குத் திரும்பக் குதித்தார்.