மதினியின் வலது கை

மதினி இப்போது பெரும்பாலும் இடது கையால்தான் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்புவதில்லை. நிறை குறைந்தால் அந்த நாளுக்கு அரைப் பேர்தான், பாதிச் சம்பளம். கூடையோடு அவர் இறங்கி வருவதைக் கண்டால் நான் ஆட்டோவைத் துடைக்கப் போய்விடுவேன்.

அந்த மணிக்கட்டு முறிந்த அன்று தலவாக்கலையில் சாமான் வாங்கிக்கொண்டு அவரை என் ஆட்டோவில் ஏற்றி வந்தேன். எங்கள் பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். மேலிருந்து வந்த கார் வளைவை வெட்டி வந்து இடித்தது. ஆட்டோ மண்மேட்டில் சாய்ந்தது. மதினி கையை ஊன்றி விழுந்தார்.

கார்க்காரர் கொழும்புப் பக்கம். ஓடி வந்தார். "என்ட பிழைதான் அண்ணே. இன்சூரன்ஸுக்கு கோல் எடுக்கிறேன், பொலிஸையும் கூப்பிடுவோம்."

என் ஆட்டோவுக்கு இன்சூரன்ஸ் முடிந்திருந்தது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டிருந்தேன்.

"வேணாங்க. ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு. நீங்க போங்க" என்றேன்.

மதினி வலியோடு நிமிர்ந்தார். "ஏந்தம்பி, நாம ஏறித்தானே வந்தோம்?"

"பேசாம இருங்க மதினி."

அந்த மனிதர் விழித்தார். மதினியின் போனில் தன் நம்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அதோடு விட்டிருக்கலாம். வாகன விபத்து என்றால் ஆஸ்பத்திரியிலேயே பொலிஸ் வந்து வாக்குமூலம் எழுதும். அதனால் வாசலில் வைத்து, "மலையில வழுக்கி விழுந்தேன்னு சொல்லுங்க" என்று கெஞ்சினேன். அப்படியே சொன்னார். யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. தோட்டத்துப் பெண் தேயிலை மலையில் விழுந்தாள் என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

கட்டுப் பிரித்த பிறகு கை பழையபடி வரவில்லை. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் போனில் கேட்டபோதும் அவர் மலையில் விழுந்ததாகவே சொன்னார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஆட்டோ நிறுத்தும் இடத்தில், யாரோ ஒருவரின் கதை போல இதைச் சொல்லிக் கேட்டேன். கூட ஓட்டுகிறவர் சிரித்தார்.

"அவன் என்ன மடையனா? இன்சூரன்ஸ் இல்லாதது அவனுக்குத் தனி கேஸு, தண்டம் கட்டிட்டுப் போவான். அடிபட்ட ஆளுக்கு இடிச்சவனோட இன்சூரன்ஸுதானே குடுக்கணும்!"

நானும் சிரித்து வைத்தேன். பிறகு நேரே மதினியின் லயத்து வரிசை வீட்டுக்குப் போனேன். இடது கையால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

துருவுவதை நிறுத்தினார். "ஒங்களுக்குத் தண்டம் வரும்னா என் கையக் கொண்டுபோய் மலையில போட்டீங்க?"

"பொலிஸுக்குப் போய் உண்மையைச் சொல்லிருவோம் மதினி" என்றேன்.

"சரி, நாளைக்குப் போவோம். பொலிஸுல நீங்கதான் பேசணும் கொழுந்தனாரே. கல்யாண வீட்டுலயே தூணுக்குப் பின்னாடி நிக்கிற ஆளு நீங்க!"

பொலிஸில் சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார். நான் ஏறி வந்ததையும் கார் இறங்கி வந்ததையும் சொன்னேன். என்னிடம் இன்சூரன்ஸ் இல்லாததையும் சொன்னேன்.

அவர் ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் புரட்டினார். "மலையில விழுந்ததா ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்களே?"

"நான்தான் சேர் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

என் மேல் வழக்கு வரும் என்றார். இவ்வளவு பிந்தி வந்ததால் இன்சூரன்ஸ்காரர்கள் நம்புவது கஷ்டம், கார்க்காரர் வந்து உண்மையைச் சொன்னால்தான் உண்டு என்றார். மதினி அங்கேயே அவர் போட்டுக் கொடுத்த நம்பருக்கு கோல் எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"பொறவு எடுப்பாரு" என்றார் மதினி, என்னைப் பார்க்காமல்.

சார்ஜன்ட் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார். மதினி இடது கையில் வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். தாள் நகர்ந்தது. நான் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.