மொங்கோலியாக் கூடாரத்துக்கு நான் போட்ட பூட்டு

பதினொரு வருஷமாக என் கடையில் வேலை செய்கிற லியோனலுக்கு நான் கடைத் திறப்பை, அதுதான் சாவியை, கொடுத்ததில்லை. லியோனலுக்கென்ன, ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை. பிரெஞ்சு மண்ணில், எங்கட சனம் கூடின லா சப்பலில் பலசரக்குக் கடை தொடங்கி இருபத்தொன்பது வருஷம். திறக்கிறதும் நான், பூட்டுகிறதும் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் பெரிய படிப்புப் படித்தவர்கள் இதே தெருவில் திறந்த ஆறு கடைகள் இழுத்து மூடப்பட்டதை என் காசுப்பெட்டிக்குப் பின்னால் இருந்தபடியே பார்த்தவன் இந்த மடுத்தீன். என்ன ரகசியம் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்லுவேன்: நான் ஒருத்தரையும் நம்புகிறதில்லை.

லியோனல் மன்னார்ப் பக்கத்து ஆள். நாற்பத்தாறு வயது, கலியாணம் இல்லை. மெலிந்த உடம்பு, கதை குறைவு. பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில் ஒரு சின்ன அறையில் இருக்கிறார். காலை ஏழு மணிக்கு முதலே வந்து கடையின் இரும்புக் கதவில் முதுகைச் சாய்த்துக் குந்தியிருப்பார். நான் வர ஏழரையாகும், சில நாள் எட்டாகும். மழையோ பனியோ, அதே இடம், அதே குந்தல்.

"ஏன் ஐசே இவ்வளவு வெள்ளன வாறீர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மரக்கறி வான் வந்தால் ஆர் அண்ணை இறக்கிறது?"

நல்ல பதில்தான். நல்ல பதில் வைத்திருக்கிற ஆளைத்தான் நான் கூடுதலாகக் கவனிப்பேன்.

போன வருஷம் என் முழங்கால் இரண்டுக்கும் ஒப்பரேஷன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதம் வீட்டைவிட்டு இறங்க முடியாது. மகள் றொஷானிக்கு வங்கியில் வேலை. அவள் கடைக்கு வரமாட்டாள். "லியோனல் அண்ணையிட்டைத் திறப்பைக் குடுங்கோ பப்பா. வேற ஆர் இருக்கினம்?" என்றாள். "பாப்பம்" என்றேன். லியோனலுக்கும் விஷயம் தெரியும். வாயால் கேட்கவில்லை. ஆனால் நான் திறப்புக் கோர்வையை இடுப்பிலிருந்து எடுக்கும்போதெல்லாம் அவர் கண் அதில் போய் வருவதை நான் காணாமலில்லை.

அந்த நேரம் பார்த்து மனிசன் ஜூலையில் மூன்று கிழமை லீவு கேட்டார்.

"எங்கை போறீர்?"

"மொங்கோலியா அண்ணை."

எங்கட ஆக்கள் பிரெஞ்சு பாஸ்போட் கிடைத்தால் லண்டன் போவார்கள், கனடா போவார்கள். பாஸ்போட் கிடைத்து ஆறு மாதமான ஒருவர் முதல் பயணமே மொங்கோலியா என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கன்பாத் என்ற சிநேகிதனைப் பார்க்கவாம். இரண்டு பேரும் விசாக் காட் இல்லாத காலத்தில் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவி, ஒரே அறையில் ஆறு வருஷம் படுத்தெழும்பினவர்களாம். அந்த மொங்கோலியன் பிறகு ஊருக்குத் திரும்பிவிட்டானாம். என் களஞ்சிய அறைக்குள் நின்று லியோனல் போனில் ஏதோ பாஷையில் கிசுகிசுத்ததெல்லாம் அவனோடுதானாம். நான் நம்பவில்லை. ஒன்றில் பொம்பிளை விஷயம், இல்லாவிட்டால் கடத்தல்.

"நானும் வாறன்" என்றேன்.

"அண்ணை, உங்கட முழங்கால்..." அவருடைய முகம் மாறிப்போனது.

அந்த முகம் மாறியதே எனக்குக் காணும். கடையை மூன்று கிழமைக்குப் பூட்டுகிறதென்று முடிவெடுத்து, அன்றைக்கே ரூ லூயி-பிளாங்கில் உள்ள பயண முகவரிடம் ரிக்கற் போட்டேன்.

இஸ்தான்புல்லில் விமானம் மாறும்போது அவர் முகம் கழுவப் போனார். நான் அவருடைய பையைத் திறந்து பார்த்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலாளி என்றால் பார்க்கத்தான் வேண்டும். மிளகாய்த்தூள் இரண்டு பைக்கற், எங்கட கடையில் வாங்கினது, பில்லோடு. வயதானவர்கள் போடுகிற மூக்குக்கண்ணாடி மூன்று. கடத்தல்காரர் இப்படியும் கொண்டுபோவார்களோ என்று யோசித்தபடி மூடிவைத்தேன்.

உலான்பாத்தரிலிருந்து கன்பாத்தின் ஜீப்பில் ஏழு மணித்தியாலம். வழியில் ஒரு வேலி கிடையாது. ஒரு முழ வேலிக்காக இருபது வருஷம் கோடு கச்சேரி ஏறின சனத்தில் பிறந்தவன் நான். ஜீப்புக் கதவின் பூட்டை இரண்டு தரம் அமத்திப் பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் தனியாக ஒரு கூடாரம். செம்மறி மயிரை அமுக்கிச் செய்த தடித்த கம்பளியால் சுற்றின வட்ட வீடு. கேர் என்கிறார்கள். குனிந்து நுழைகிற வாசல். நான் குனியாமல் போய் நெற்றியை இடித்தேன். நடுவில் இரும்பு அடுப்பு, புகைக்குழாய் கூரை ஓட்டையால் வெளியே. சுவரோடு கட்டில்கள். அறையென்று ஒன்றுமில்லை, மறைப்பென்று ஒன்றுமில்லை. கன்பாத்தின் தாய் தொல்கோர் என்னை வாசலுக்கு நேரெதிரே இருத்தினார். அது பெரிய ஆக்களுக்கு வைக்கிற இடமாம். ஆளின் தரம் பார்த்தவுடன் தெரிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். உப்புப் போட்ட பால் தேத்தண்ணி தந்தார். என்ன கலந்திருக்கிறதோ என்று, லியோனல் குடித்து முடிக்கும்வரை நான் வாய் வைக்கவில்லை.

தொல்கோர் மூன்று கண்ணாடியையும் மாறிமாறிப் போட்டுப் பார்த்தார். மூன்றாவதைப் போட்டதும் லியோனலின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து உற்றுப் பார்த்துச் சிரித்தார். நான் பொம்பிளை என்று சந்தேகப்பட்டது எழுபத்தைந்து வயது மனிசியை!

ஆனால் கதவில் கொண்டி இருந்தது, பூட்டில்லை. ஒரு மரக்குச்சி மட்டும் செருகியிருந்தது.

"பூட்டு எங்கை?"

"இல்லை அண்ணை. வீட்டிலை ஆக்கள் இல்லாட்டிலும் வழியாலை போறவை உள்ளுக்கை வந்து, தேத்தண்ணி வைச்சுக் குடிச்சிட்டுப் போவினம்."

"களவு போகாதோ?"

"கன்பாத்தைக் கேக்கட்டோ?"

"சும்மா இரும். களவெடுக்கிறவனிட்டையே களவைப் பற்றிக் கேக்கிறதோ?"

மூன்றாம் நாள் கன்பாத் எங்களைக் குதிரைகள் பார்க்கக் கூப்பிட்டார். தொல்கோர் ஏற்கெனவே ஆடுகளோடு போய்விட்டார். என் பெட்டி உள்ளே, அதற்குள் என் தங்கச் சங்கிலி. பயணம் போனால் கடையின் பழைய பித்தளைப் பூட்டொன்றை நான் எப்போதும் கொண்டுபோவேன். மற்ற இரண்டு பேரும் ஜீப்பில் ஏறின பிறகு கொண்டியில் அதைப் போட்டுப் பூட்டி, இழுத்தும் பார்த்துவிட்டு வந்தேன்.

இரண்டு மணித்தியாலத்தில் வானம் கறுத்து ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. கல்லெறி மாதிரி. ஜீப்பைத் திருப்பினோம்.

வாசலில் தொல்கோர். கதவில் முதுகைச் சாய்த்து, தலைக்கு மேல் சாக்கொன்றைப் பிடித்துக் குந்தியிருந்தார். மடியில் இரண்டு ஆட்டுக்குட்டி. புதுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார். அந்தக் குந்தலை எங்கே கண்டேன் என்று நான் யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

"அண்ணை, திறப்பு."

லியோனல் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பதினொரு வருஷத்தில் அந்தச் சொல்லை என்னிடம் சொன்னது அதுதான் முதல்தரம். என் விரல் விறைத்துப்போயிருந்தது. அவரே என் இடுப்பிலிருந்து கோர்வையை எடுத்துத் திறந்தார். தொல்கோரை அடுப்படியில் இருத்தின பிறகு, பூட்டையும் திறப்பையும் திரும்ப என் கையிலேயே வைத்தார்.

சூடு ஏறினதும் தொல்கோர் என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். லியோனல் தமிழில் சொன்னார்.

"உங்கட இடத்திலை கள்ளர் கனபேரோ எண்டு கேக்கிறா."

"லா சப்பல் முழுக்க எண்டு சொல்லும்."

"உங்களிட்டை எத்தினை தரம் எடுத்தவங்களாம்?"

"ஒருக்காலும் இல்லை! பூட்டி வைச்சபடியாலை."

தொல்கோர் இன்னும் ஏதோ சொன்னார். கன்பாத் சிரித்தார். லியோனல் அடுப்புக் கதவைத் திறந்தார்.

"என்னவாம்?"

"விடுங்கோ அண்ணை."

"சொல்லும் ஐசே!"

"அப்ப உங்கட பூட்டாலை இவ்வளவு நாளும் நனைஞ்சது ஆர் எண்டு கேக்கிறா."

நான் கையிலிருந்த பூட்டைப் பெட்டிக்குள் போட்டேன். லியோனல் அடுப்புக்குள் காய்ந்த சாணத்தை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

செப்டெம்பரில் ஒப்பரேஷன். முதல்நாள் கடை பூட்டின கையோடு கோர்வையை அவர் கையில் கொடுத்தேன். "நாளையிலை இருந்து நீர் திறவும்." அவர் ஒருமுறை தலையாட்டினார். நாலாம் நாள், கால்களை அசைக்க முடியாமல் கட்டிலில் கிடந்தபடி, எதிர்ப்பக்கச் சாரிக்கடை இம்மாகுலேற்றுக்குப் போன் எடுத்தேன்.

"எத்தினை மணிக்குத் திறக்கிறார்?"

"ஏழுக்கு முதலே திறந்திடுறார் மடுத்தீன் அண்ணை. மழையெண்டால் மரக்கறி வான்காரனையும் உள்ளுக்கை கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி குடுக்கிறார்."

"தேத்தண்ணியோ? ஆற்றை பாலிலை? கடைப் பாலிலையோ?"